பம்பாய்க்குப் போகாத லெஃப்ட் அவுட்

துண்டு கெடக்குதேன்னு பாக்காதீங்க சார், எடுத்துட்டு உக்காருங்க. யாருக்கும் புடிச்சு வெச்ச எடம் இல்ல. கண்டவன் வந்து உக்காந்து தொணதொணன்னு பேசிக்கிட்டே இருப்பான், மேட்ச் பாக்க விடமாட்டான், அதுக்காகப் போட்டேன். உங்களைப் பாத்தா பேசுற ஆளாத் தெரியல. உக்காருங்க.

எந்த ஊரு? சேலமா. பஸ்ஸுக்கு நேரம் இருக்குதுன்னு சத்தம் கேட்டு உள்ள வந்துட்டீங்களா, நல்லதாப் போச்சு. அந்த பேனரைப் பாருங்க. அருளப்பன் நினைவுக் கோப்பை. படத்துல மாலையும் கீலையுமா சிரிக்கிறான் பாருங்க, அவன்தான் அருளப்பன். ஃபுட்பால்ல சென்டர் ஃபார்வர்ட். இந்த பெங்களூரு ஆஸ்டின் டவுன்ல பொறந்து, ஹைதராபாத்துல ஆடி, பம்பாய்ல ஆடி, கல்கத்தாவுல ஆடி, ரங்கூன், கொழும்பு, காபூல் வரைக்கும் போய் கோல் அடிச்சவன். போன வருஷம் கல்கத்தாவுலயே செத்துப் போனான். இப்ப எல்லாரும் தலைல தூக்கி வெச்சு ஆடுறாங்க.

ஆடட்டும். எனக்கென்னா பொறாமையா? எனக்கு ஒரு பொறாமையும் இல்ல.

நான் யாருன்னு நீங்க கேக்கவே இல்லியே. பரவால்ல, யாரும் கேக்கறதில்ல. பொன்னுரங்கம். அவனோட லெஃப்ட் அவுட். இடது கோட்டை ஒட்டி ஓடி, மூலை வரைக்கும் பந்தைக் கொண்டுபோய், நடுவுல அவன் தலைக்குத் தூக்கிக் குடுக்கறவன். அவன் வேலை என்னா? வந்த பந்தை முட்டறது. ஆடு கூட முட்டும். அந்தப் பந்து அவன் தலைக்கு எப்படி வந்துச்சுன்னு எவனாவது பேப்பர்ல எழுதுனானா? அந்தா, ஷாமியானாவுல வெள்ளைப் புடவை கட்டிக்கிட்டு ஒரு அம்மா உக்காந்திருக்குது பாருங்க, அதான் அவன் பொண்டாட்டி. ஷேஃபாலின்னு பேரு, கல்கத்தாக்காரி. கோப்பை குடுக்க ரயில்ல வந்திருக்குது.

ஹாஃப் டைம்ல என்னை மைக்ல கூப்பிடுவாங்க. பசங்களுக்குக் கை குடுத்துட்டு அருளப்பனைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசணுமாம். பேசறேன். இன்னிக்கு வெச்சிருக்கேன் பாருங்க. அவன் கோலெல்லாம் என் கோலுன்னு, அந்தம்மா காதுபட, இந்த கேலரி முழுக்கக் கேக்கற மாதிரி சொல்லிட்டுத்தான் எறங்குவேன். எத்தனை வருஷமா நெஞ்சுல கெடக்குது தெரியுமா?

டேய் பதினொண்ணு! தலையைத் தூக்கிப் பாருடா! பந்தைப் பாத்துக்கிட்டே ஓடறான் பாருங்க, செக்குமாடு. அவன்தான் இப்ப லெஃப்ட் அவுட்டாம். கஷ்டகாலம்.

எங்க காலத்துல வெறுங்காலு சார். இந்த மண்ணுலதான். பூட்ஸெல்லாம் வெள்ளைக்காரன் போட்டுக்குவான். நாங்க காலுக்குத் துணிப்பட்டி சுத்திக்குவோம். கணுக்கால்ல ஆரம்பிச்சு, உள்ளங்கால் வழியா வந்து, மறுபடியும் மேல. அதை அவனவன் சுத்திக்க முடியாது. குனிஞ்சு இழுத்தா இறுக்கம் வராது, பத்து நிமிஷம் ஓடுனா அவுந்துடும். இன்னொருத்தன் எதிர்ல உக்காந்து, உங்க காலைத் தூக்கித் தொடை மேல வெச்சுக்கிட்டு இழுத்துக் கட்டணும். அதுக்கு ஒவ்வொருத்தனுக்கும் ஒரு ஜோடி. எனக்கு அருளு, அருளுக்கு நான். வேற எவனும் எங்க காலைத் தொட விடமாட்டோம். அவனுக்கு வலது கணுக்கால் எலும்பு கொஞ்சம் துருத்திக்கிட்டு இருக்கும், அந்த எடத்துல பட்டியை மடிச்சுப் போடணும். அது எனக்கு மட்டும்தான் தெரியும். இன்னிக்குக் கண்ணை மூடிக்கிட்டுக் கட்டச் சொல்லுங்க, கட்டுவேன்.

அப்புறம் ஒண்ணு. நான் மூலைக்குப் போய் பந்தை அடிக்கறதுக்கு முந்தி ஒரு கத்து கத்துவேன். "வருதுடா அருளு!" அவன் பந்தைப் பாக்கவே மாட்டான். என் சத்தம் கேட்டதும் ரெண்டாவது கோல் போஸ்டுக்கு, எனக்குத் தூரமா இருக்கறதுக்கு, ஓடிடுவான். பந்தும் அங்க வந்துடும், தலையும் அங்க வந்துடும். கோலு. ஜனங்க "அருளு, அருளு"ன்னு கத்துவாங்க. அந்தப் பேரை முதல்ல கத்துனவன் நானு. அது எவனுக்கும் காதுல விழாது.

சரி, கதைக்கு வரேன். ஹைதராபாத்துல இருந்து ஒரு டீம்காரங்க வந்தாங்க. மேட்ச் பாத்தாங்க. மறுநாள் அருளப்பன் வீட்டுக்குப் போய் "எங்க டீமுக்கு வா, வேலையும் போட்டுத் தரோம்"னு கேட்டாங்க. இவன் என்னா சொல்லியிருக்கான்? "ரங்காவும் வந்தா வரேன்." அவங்களும் சரின்னுட்டாங்க. இவன் மூச்சிரைக்க எங்க வீட்டுக்கு ஓடியாந்து "ரங்கா, பெட்டியைக் கட்டுடா, பேசிட்டேன்"னான்.

பேசிட்டானாம்! எனக்கு இவன் பேசுறானாம்! சிபாரிசு, எனக்கு! பத்திக்கிட்டு வந்துச்சு சார். அவங்க என்னைத் தேடி வந்திருக்கணும் இல்ல? என் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கணும் இல்ல? இவன் துணி மூட்டையோட மூட்டையா என்னைத் தூக்கிட்டுப் போவானாம். "நீ போடா ராஜா, எனக்கு மில்லுல வேலை இருக்குது"ன்னுட்டேன். அவன் வாசப்படியிலயே ரொம்ப நேரம் நின்னான். அப்புறம் போயிட்டான். போனா போகட்டும், ரெண்டு மாசத்துல திரும்பி வருவான்னு நெனைச்சேன். பந்து குடுக்கறதுக்கு ஆள் வேணாமா?

வரல. அங்கயும் கோல் அடிச்சான். எனக்கு அதுதான் புரியல.

லீவுக்கு வந்தப்ப ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கியாந்தான். எனக்கு. "அங்கெல்லாம் இனிமே பூட்ஸ்தான் ரங்கா, போட்டுப் பழகு. லெஃப்ட் சைடு காலியா இருக்குது, வந்துடு." குத்திக் காட்டறது பாத்தீங்களா? உன்கிட்ட பூட்ஸ் இல்ல, என்கிட்ட இருக்குதுன்னு. சரி, ஏன் காலியா இருக்குதுன்னு கேட்டேன். அங்க ஆடிக்கிட்டு இருந்தவன் கால் ஒடிஞ்சு படுத்திருக்கானாம். எவனோ கால் ஒடிஞ்ச எடத்துக்கு நான் போகணுமா? எனக்குன்னு ஒரு எடம் இல்லியா? பூட்ஸை வாங்கிப் பரண் மேல போட்டேன். ஆனா ஒண்ணு, அளவு கச்சிதமா இருந்துச்சு. என் கால் அளவை அவன் எந்தக் காலத்துலயும் கேட்டதில்ல. கையாலயே தெரிஞ்சு வெச்சிருக்கான் படுபாவி.

அப்புறம் பம்பாய். பம்பாய்ல இருந்து ஒரு ஜோடி. அப்புறம் கல்கத்தா. அங்க ஒரு ஜோடி. ஒவ்வொரு ஊருக்குப் போறப்பவும் பூட்ஸும் வரும், அதே பாட்டும் வரும். "லெஃப்ட் சைடு காலியா இருக்குது ரங்கா." எந்த ஊருக்குப் போனாலும் இவனுக்கு மட்டும் லெஃப்ட் சைடு எப்படி சார் காலியாவே இருக்கும்? யாரு காதுல பூ சுத்தறான்? எல்லாம் பரண்லதான் இருக்குது. வருஷா வருஷம் எறக்கித் தொடைச்சு எண்ணெய் போட்டு வெப்பேன். நல்ல தோலு, வீணாப் போயிடும் இல்ல? அதுக்குத்தான்.

கல்கத்தாவுல ஒரு வழக்கம் உண்டு, கேட்டா சிரிப்பீங்க. வருஷத்துக்கு ஒருதடவை ஆட்டக்காரங்க எந்த கிளப்புன்னு கையெழுத்துப் போடற நாள் வரும். அதுக்கு முந்தி, இன்னொரு கிளப்காரன் தள்ளிக்கிட்டுப் போயிடக் கூடாதுன்னு, ஆளையே கொண்டுபோய் ஒளிச்சு வெச்சிடுவாங்க. எவனோ ஒரு பெரிய மனுஷன் வீட்டு மாடியில. கதவுல ஆள் காவல், மூணு வேளையும் மீனும் சோறும். கல்யாண மாப்பிள்ளை மாதிரி. அருளப்பனை அப்படி ஒளிச்சு வெச்ச வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பொண்ணுதான் அந்தம்மா. சன்னல் வழியாப் பாத்துப் பாத்துக் கல்யாணம் வரைக்கும் போயிடுச்சு. இதை அவன் இங்க வந்து டீக்கடையில சொல்றப்ப எல்லாரும் உருண்டு உருண்டு சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல. என்னை யாரு சார் ஒளிச்சு வெச்சாங்க? ஒளிச்சு வெக்கற அளவுக்கு என்னை எவன் தேடுனான்?

என் வீட்டுக்காரி மங்கா கூட ஒருநாள் கேட்டுட்டா. நான் பேப்பரை விரிச்சு வெச்சுக்கிட்டு அவன் டீம்ல லெஃப்ட் அவுட் யாருன்னு தேடிக்கிட்டு இருக்கேன். "ஏங்க, எப்பப் பாரு அருளண்ணனுக்கு யாரு பந்து குடுத்தான், எவன் குடுத்தான்னு. பேசாம நீங்க அவரையே கட்டிக்கிட்டிருக்கலாம்"னா. வாயைப் பாருங்க. பொம்பளைங்களுக்கு ஆட்டத்தைப் பத்தி என்னா தெரியும்?

இப்ப ஒண்ணு சொல்றேன். இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல, மங்கா கிட்டகூட. நீங்க வெளியூர், பஸ் ஏறிப் போயிடுவீங்க, அதனால சொல்றேன். நான் பம்பாய் போனேன்.

அவன் பம்பாய்ல ஆடறப்ப பெர்னார்டினோன்னு ஒரு லெஃப்ட் அவுட். கோவாக்காரன். பேப்பர்காரன் எழுதறான், அருளப்பனும் பெர்னார்டினோவும் சொல்லி வெச்ச மாதிரி ஆடறாங்களாம். சொல்லி வெச்ச மாதிரி! அதைப் படிச்சதுல இருந்து எனக்குச் சோறு எறங்கல. அவன் எப்படித்தான் குடுக்கறான்னு பாத்துட்டு வந்துடணும். மில்லுல மாமியார் செத்துட்டாங்கன்னு லீவு சொன்னேன். அவங்க அதுக்கப்புறமும் ரொம்பக் காலம் நல்லாத்தான் இருந்தாங்க. மங்காகிட்ட மில்லு வேலையா கோயமுத்தூர் போறேன்னேன். ரயில் ஏறிட்டேன்.

பைனல் மேட்ச். சரியான கூட்டம். கம்பியைப் புடிச்சுக்கிட்டு நின்னுட்டே பாத்தேன். பெர்னார்டினோ நல்ல ஆட்டக்காரன்தான், இல்லேங்கல. வேகம் இருக்குது. ஆனா மூலைக்கு வந்ததும் யோசிப்பான். ஒரு நொடி. அந்த ஒரு நொடியில அருளு எங்க போறதுன்னு தெரியாம நடுவுல நின்னுடறான். கை துடிக்குது எனக்கு, கால் துடிக்குது. முட்டாப்பய, இப்படியா அவனை நிக்க வெக்கறது? ஆட்டம் முடியப் போகுது, கோலே இல்ல. பெர்னார்டினோ மறுபடியும் மூலைக்குப் போறான், காலைத் தூக்கறான். எனக்கு என்னா வந்துச்சோ தெரியல, அடிவயித்துல இருந்து கத்திட்டேன். "வருதுடா அருளு!"

சார், அவன் ஓடுனான் சார். பந்து கிளம்பறதுக்கு முந்தியே ரெண்டாவது போஸ்டுக்கு ஓடுனான். அவ்வளவு கூட்டத்துல, அவ்வளவு இரைச்சல்ல. தலையில பட்டுச்சு, கோலு. பம்பாயே எழுந்து நின்னு குதிக்குது.

ஆக, அந்த கோலும் யாரோடது? சொல்லுங்க, யாரோடது?

ஆனா அவன் யாரைக் கட்டிப் புடிச்சான்? பெர்னார்டினோவை. தூக்கிச் சுத்துறான். தூக்கிச் சுத்திட்டு, எறக்கி விட்டுட்டு, கேலரியையே பாத்துக்கிட்டு நிக்கறான், கண்ணுக்கு மேல கையை வெச்சுக்கிட்டு. ஜனங்க கைதட்டறதைப் பாத்துப் பூரிச்சுப் போயிருப்பான், வேற என்னா? எனக்கு அதுக்கு மேல அங்க நிக்கப் புடிக்கல. எனக்குப் பட்டி கட்டுன கை அது. அந்தக் கையால எவனையோ தூக்கிச் சுத்தறான். வயிறு எரிஞ்சுச்சு சார். கண்ணுல தண்ணி வந்துடுச்சு, பம்பாய்ப் புழுதி. அன்னிக்கே ரயில் ஏறி வந்துட்டேன்.

அடுத்த லீவுக்கு வந்தப்ப கேட்டான். "ரங்கா, நீ பம்பாய் வந்தியா?" நான் எங்கடா பம்பாய் வந்தேன், எனக்கு வேற வேலை இல்லியான்னேன். "இல்ல, சும்மா கேட்டேன்"னான். அப்படியே கொஞ்ச நேரம் என் காலையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தான்.

விசில் அடிச்சுட்டான். ஹாஃப் டைம். கேளுங்க, என் பேருதான், "மூத்த ஆட்டக்காரர் பொன்னுரங்கம் அவர்கள்". மூத்தவனாம், லெஃப்ட் அவுட்டுன்னு சொல்ல வாய் வரல பாருங்க. துண்டைப் பாத்துக்குங்க சார். பேசிட்டு வந்துடறேன். நீங்களும் காதைத் தீட்டிக்கிட்டு உக்காருங்க.

வந்துட்டேன். கொஞ்சம் தள்ளுங்க. அப்பாடா.

என்னா அப்படிப் பாக்கறீங்க? பேசுனேனே. "நல்லா ஆடுங்க பசங்களா"ன்னேன். மைக்கு கொர்ருன்னு இரைஞ்சுச்சு, அதுல என்னாத்தைப் பேசறது?

மைக்கு நல்லாத்தான் இருந்துச்சா? உங்களுக்கு இங்க உக்காந்துக்கிட்டு என்னா சார் தெரியும்?

இல்ல, அந்தம்மா. பசங்களுக்குக் கை குடுத்துட்டு வரேன், அந்தம்மா எதிர்ல வந்து நின்னு என் ரெண்டு கையையும் புடிச்சுக்குச்சு. உடைஞ்ச தமிழ்ல பேசுது, அவன் சொல்லிக் குடுத்த தமிழ், ஆஸ்டின் டவுன் தமிழ். "நீங்கதானே ரங்கா?" ஆமாம்மான்னேன். "அவர் எப்பவும் சொல்லும். ரங்காவுக்கு அப்புறம் எனக்கு லெஃப்ட் அவுட்டே கெடைக்கலன்னு சொல்லும். எல்லா கிளப்லயும் சண்டை போடும், லெஃப்ட்ல ஆள் போடாதே, என் ஆள் வரும்னு."

கேட்டீங்களா? அவன் வாயாலயே ஒத்துக்கிட்டிருக்கான்! ஆனா பொண்டாட்டிகிட்ட சொல்லியிருக்கான், கிளப்காரன்கிட்ட சொல்லியிருக்கான். என்கிட்ட சொல்றதுக்கென்னா? ஒரு வார்த்தை, நேரா, என் மூஞ்சியைப் பாத்து? பூட்ஸை வாங்கியாந்து வாங்கியாந்து போட்டானே, வாயைத் தொறந்து சொன்னானா?

அதோட விட்டுச்சா அந்தம்மா? கையை விடல. "ஒண்ணு மட்டும் கேக்கணும். அதுக்குத்தான் நான் இவ்வளவு தூரம் வந்தேன். பாம்பே பைனல். நீங்க கத்துனது அவருக்குக் கேட்டுச்சாம். ரங்கா வந்துச்சு, ரங்கா வந்துச்சுன்னு சொல்லும். எல்லாரும் கிண்டல் பண்ணும். நானும் கிண்டல் பண்ணேன். கடைசியில ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டுக் கேட்டுச்சு, ஷேஃபாலி, அது ரங்காதானேன்னு. எனக்குத் தெரியாதேன்னு சொன்னேன். சொல்லுங்க, நீங்க பாம்பே வந்தீங்களா?"

நான் என்னா சார் சொல்லுவேன்? வந்தேன்னா ஏன் வந்தேன்னு கேக்காதா? வந்தவன் ஏன் அவனைப் பாக்காம ஓடுனேன்னு கேக்காதா? பெர்னார்டினோவைப் பாக்க வந்தேன், வயித்தெரிச்சல்ல வந்தேன்னு அந்தம்மாகிட்டச் சொல்றதா? "நான் எங்கம்மா பம்பாய் போனேன், மில்லு வேலையே சரியா இருந்துச்சு"ன்னுட்டேன்.

அந்தம்மா தலையை ஆட்டுச்சு. கையை விட்டுடுச்சு. அப்புறம் எவனோ மைக்கைக் கொண்டாந்து என் வாய்கிட்ட நீட்டறான். அவன் கோலெல்லாம் என் கோலுன்னு எப்படிச் சொல்றது? பம்பாய்க்கே போகலன்னு இப்பதான் சொல்லியிருக்கேன், அந்தப் பம்பாய் கோலை எந்தக் கணக்குல சேக்கறது? அதான் வந்துட்டேன்.

நீங்க ஏன் சார் பேசாம இருக்கீங்க? ஏதாவது பேசுங்களேன். சரி விடுங்க, ஆட்டத்தைப் பாப்போம்.

செத்துப் போனவனுக்கு என்னா தெரியப் போகுது? வந்தேன்னு சொன்னாலும் ஒண்ணுதான், வரலன்னாலும் ஒண்ணுதான். இல்லீங்களா?

அந்தப் பதினொண்ணு இப்பக் கொஞ்சம் தேவலாம். பாருங்க, பாருங்க, கோட்டை ஒட்டியே வரான். தடுக்க வந்த பேக்கை வெட்டிட்டான், நல்லா வெட்டுனான். போடா, மூலைக்குப் போடா! யோசிக்காதே, அங்க ஒரு நொடி யோசிச்சேன்னா கெட்டுது. தலையைத் தூக்குனான் பாருங்க, தூக்கிட்டான், காலை எடுக்கறான்...

வருதுடா அருளு!

போச்சு. ரெண்டாவது போஸ்டுல ஒருத்தனும் இல்ல. அவ்வளவு நல்ல பந்து, அது பாட்டுக்குக் குறுக்கால போய் வெளிய விழுந்துடுச்சு.

ஏன் சார் எல்லாரும் திரும்பித் திரும்பிப் பாக்கறாங்க? அவ்வளவு சத்தமாவா கத்துனேன்? சும்மா வாய்ப்பழக்கம்.

அய்யய்யோ. அந்தம்மா எழுந்து நிக்குது. ஷாமியானாவை விட்டு வெளிய வந்துடுச்சு. கண்ணுக்கு மேல கையை வெச்சுக்கிட்டு கேலரியையே பாக்குது, அவன் பாத்த மாதிரியே. அந்தத் துண்டை எடுங்க சார், குடுங்க இப்படி. கொஞ்சம் முன்னாடி நகந்து என்னை மறைச்சாப்ல உக்காருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

இந்தப் பக்கம்தான் வருதா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க சார். வருதா?